மருத்துவமனை ஸ்டோரில் பணம் எங்கே கசிகிறது: அறிகுறி வாரியாகத் தேடிப் பிடிக்கும் முறை

நூறு முதல் இருநூறு படுக்கை வரையுள்ள தனியார் மருத்துவமனைகளின் ஸ்டோர்களில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். "செலவைக் குறையுங்கள்" என்ற உத்தரவு ஆண்டுக்கு ஒருமுறையாவது மேலிடத்திலிருந்து வந்துவிடும். வந்த மறுநாளே விநியோகஸ்தர்களைக் கூப்பிட்டு விலையைக் குறைக்கச் சொல்வோம். இரண்டு சதவீதம் குறைப்பார்கள். மூன்றே மாதத்தில் செலவு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். பணத்தில் பெரும்பகுதி ஸ்டோர் கதவுக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் நடுவில் எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கும்போது, விலையை மட்டும் பிடித்து உலுக்கி என்ன பயன்?

கீழே இருப்பவை நான் திரும்பத் திரும்பச் சரிசெய்த கோளாறுகள். உங்கள் மருத்துவமனையில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். செலவு பிடிக்கும் தீர்வு கடைசியில் வரும். தொடங்குமுன் மூன்று மாதக் கொள்முதல் பில்கள், வார்டு இண்டென்ட் (ஸ்டோரிடம் பொருள் கேட்டு எழுதும் சீட்டு) புத்தகங்கள், படுக்கை நாள் கணக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு படுக்கை நாள்), ஒரு டார்ச் லைட் ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச் எதற்கு என்பது அறிகுறி 2-ல் தெரியும்.

## அறிகுறி 1: கொள்முதல் தொகை ஏறுகிறது, நோயாளிகள் எண்ணிக்கை ஏறவில்லை

முதலில், ஏற்றம் உண்மையானதுதானா?

கொள்முதல் வேறு, நுகர்வு வேறு. மாத ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, மாத இறுதி இருப்பைக் கழியுங்கள். வருவதுதான் நுகர்வு. அதைப் படுக்கை நாட்களால் வகுங்கள். 3,000 படுக்கை நாளுக்கு 12 லட்சம் ரூபாய் நுகர்வு என்றால் ஒரு படுக்கை நாளுக்கு ரூ.400. அடுத்த மாதம் நுகர்வு 14 லட்சத்து 40 ஆயிரமாகி, படுக்கை நாள் 3,600 ஆகியிருந்தால் அதுவும் ரூ.400 தான். எதுவும் கெடவில்லை. வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு வார்டு நிரம்பும் மாதங்களைச் சித்திரை மாதத்தோடு ஒப்பிட்டுப் பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

ஒரு படுக்கை நாளுக்கான செலவும் ஏறியிருந்தால், பொருட்களைச் செலவுத் தொகை வரிசையில் அடுக்குங்கள். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குப் பொருட்கள் மொத்தப் பணத்தில் எழுபது சதவீதத்தை விழுங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஏறியது விலையா அளவா என்று பிரியுங்கள். பஞ்சு, பிளாஸ்டர் கணக்கில் மூழ்கி ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம்.

விலை ஏறியிருந்தால்

நாலு இடத்தில் பாருங்கள்.

ஒன்று, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ரூ.100 அடிப்படை விலையுள்ள பொருள் முன்பு ரூ.112-க்கு வந்தது, இப்போது ரூ.105-க்கு வர வேண்டும். பில்லின் அடியில் இன்னும் ரூ.112 நின்றால், அடிப்படை விலை ரூ.106.67 ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் வரி குறைந்த லாபம் உங்களுக்கு வராமல் விநியோகஸ்தரிடமே தங்கிவிட்டது. உள்நோயாளி சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், அதற்காக வாங்கும் பொருளில் கட்டிய வரியை நாம் வரவு எடுக்க (நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள) முடியாது. அந்த ஏழு ரூபாய் முழுக்க நம் செலவு. கடைசியில் நோயாளியின் செலவு.

இரண்டு, 'பத்துக்கு ஒன்று இலவசம்' என்ற சலுகை. பதினொன்று வாங்கிப் பத்துக்குப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி 9.09 சதவீதம். இன்னொருவர் நேரடியாக 12 சதவீதம் குறைத்தால் அதுதான் லாபம். அதோடு அந்தப் பதினோராவது பெட்டி நமக்குத் தேவையா என்ற கேள்வியும் இருக்கிறது. தேவையில்லாத இலவசம் அறிகுறி 4-ல் காலாவதியாகித் திரும்ப வரும்.

மூன்று, எம்.ஆர்.பி.யில் இத்தனை சதவீதத் தள்ளுபடி என்ற பேச்சு. உறையில் அச்சிட்ட விலை கையில் வந்து சேரும் விலையைவிடப் பல மடங்கு இருக்கும் பொருட்கள் ஏராளம். தள்ளுபடிச் சதவீதத்தை மறந்துவிடுங்கள். வரி சேர்ந்து ஸ்டோருக்குள் வந்து இறங்கும்போது ஒரு துண்டு என்ன விலை என்ற ஒரே எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

நான்கு, உச்சவரம்பு விலை. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் விலை வரம்பு வைத்த மருந்துகளையும் சாதனங்களையும் 'பார்மா சஹி தாம்' செயலியில் தேடலாம். இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் வரம்பு வந்தது. முழங்கால் மாற்று உறுப்புகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. வரம்புக்கு மேல் பில் வந்தால் பேரமே தேவையில்லை, பில்லைத் திருப்பி அனுப்புங்கள்.

அளவு ஏறியிருந்தால்

வார்டில் பொருள் தேங்குகிறதா என்று அறிகுறி 2-ன்படி பாருங்கள். தேங்கவில்லை என்றால் மருந்துச்சீட்டு மாறியிருக்கிறது. நான் அடிக்கடி கண்டது இரண்டு. வாயால் மாத்திரை விழுங்கக்கூடிய நோயாளிக்கும் பாரசிட்டமால் பாட்டிலாக நரம்பு வழியே ஏறிக்கொண்டிருக்கும். அறுவைக்கு முன் கொடுத்த தடுப்பு ஆன்டிபயாட்டிக், டிஸ்சார்ஜ் வரை தொடர்ந்துகொண்டிருக்கும். அறுவை முடிந்த பின் தடுப்பு மருந்தை நீட்டிக்க வேண்டாம் என்பது 2016-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். பணமும் மிச்சம், கிருமிகள் மருந்துக்குப் பழகுவதும் குறையும்.

யாரைக் கூப்பிடுவது: மருந்துச்சீட்டு விஷயத்தை ஸ்டோர்காரர் மருத்துவரிடம் நேரில் பேசக் கூடாது. எண்களை மட்டும் எடுத்து மருந்துக் குழுவிடம், அது இல்லாவிட்டால் மருத்துவக் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள். கிளினிக்கல் பார்மசிஸ்ட் ஒருவரை வேலைக்கு எடுக்கும் செலவு நியாயமாவது இந்த இடத்தில்தான். வெளிநோயாளி மருந்தகத்துக்கும் உள்நோயாளிக்கும் வரிக் கணக்கு வேறு. அதைப் பிரிப்பதை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 2: ஸ்டோர் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, வார்டு 'இல்லை' என்றே சொல்கிறது

இப்போது டார்ச்சை எடுங்கள்.

ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில், மருந்து அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய போர்வைகளுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே நீலமும் இளஞ்சிவப்புமாக வென்ஃப்ளான்கள் (மருந்து ஏற்ற நரம்பில் குத்தி வைக்கும் சிறு குழாய்கள்), கைநிறைய மூன்றுவழி அடைப்பான்கள், இரண்டு மத்திய சிரைக் குழாய்த் தொகுப்புகள். அந்தத் தொகுப்பு ஒன்றின் விலை ஆயிரக்கணக்கில். இரண்டும் காலாவதியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. அதே வாரம் அதே பிரிவிலிருந்து அதே தொகுப்பு கேட்டு அவசர இண்டென்ட் வந்திருந்தது.

அந்தப் பெட்டியை ஒளித்து வைத்த சிஸ்டரைத் திட்டவில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு நோயாளி மூச்சுத் திணறும்போது ஸ்டோர் பூட்டியிருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் சேர்த்து வைத்தது அது. வார்டில் ஒளித்து வைக்கும் பழக்கம் முக்கால்வாசி ஸ்டோரின் தவறால் பிறக்கிறது. ஆகவே பறிமுதல் செய்து முடித்துவிட்டால் தீராது. அடுத்த பெட்டி இன்னும் ஆழமாகப் போகும்.

சோதனை: தலைமைச் செவிலியரோடு சேர்ந்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரே நாளில் எல்லா வார்டுகளையும் எண்ணுங்கள். யார் பெயரும் எழுத மாட்டோம், திரும்பக் கொடுக்கும் பொருளுக்குக் கேள்வி கேட்க மாட்டோம் என்று உறுதி கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

எளிய தீர்வு: ஒவ்வொரு வார்டுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான அளவு வையுங்கள். தினமும் காலையில் ஸ்டோர் ஆள் வண்டியோடு வார்டுக்குப் போய், குறைந்ததை மட்டும் நிரப்பி வரட்டும். வார்டு கேட்பதற்குக் காத்திருக்க வேண்டாம். 22 அளவு நீல வென்ஃப்ளான் ஒரு வார்டில் நாளைக்கு எட்டு போகிறது என்றால் அங்கே பதினாறு இருக்கட்டும், இருநூறு வேண்டாம்.

அடுத்தது: இரவுப் பணிக்கு ஒரு ஸ்டோர் ஆள், அல்லது டியூட்டி சூப்பர்வைசரிடம் சாவியும் பதிவேடும் கொடுத்த ஓர் இரவு அலமாரி. இரவில் பொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்து இரண்டு மாதத்தில் போர்வைக்குப் பின்னால் இருக்கும் பெட்டிகள் தாமாகவே ஸ்டோருக்குத் திரும்பும். எனக்கு நடந்திருக்கிறது.

தொடக் கூடாத இடம்: அவசர மருந்து வண்டி. அதில் உள்ளவற்றை மிகை இருப்பு என்று குறைக்காதீர்கள். காலாவதி நெருங்கினால் அதிகம் செலவாகும் வார்டுக்கு மாற்றி, புதியதை வையுங்கள்.

## அறிகுறி 3: கணினியில் இருப்பு இருக்கிறது, அலமாரியில் இல்லை

உடனே திருட்டு என்று எண்ணாதீர்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பதிவுத் தவறுகள். இந்த வரிசையில் போங்கள்.

பொருள் அலகு. தையல் நூல் பெட்டியில் 12 உறை இருக்கும். வரவு வைக்கும்போது '1 பெட்டி' என்றும், வார்டுக்குக் கொடுக்கும்போது '1 உறை' என்றும் இல்லாமல் இரண்டுக்கும் வெறும் '1' என்று ஏறினால், மீதிப் பதினொரு உறைகள் கணக்கில் பிறக்கவே இல்லை. திருப்பி, பெட்டியில் 12 என்று இருப்பதை 24 என்று பதிந்துவிட்டால் கணினி இல்லாத பொருளைக் காட்டும். முதன்மைப் பட்டியலைத் திறந்து, விலை உயர்ந்த ஐம்பது பொருட்களுக்கு மட்டும் அலகைக் கையில் பெட்டியை வைத்துக்கொண்டு சரிபாருங்கள். அரை நாள் வேலை. பெரும்பாலும் இதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

இரட்டைப் பெயர். ஒரே பொருள் இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்றில் மிகை, இன்னொன்றில் குறை. இரண்டையும் கூட்டினால் சரியாக வரும்.

வரவுப் பதிவின் நேரம். பொருள் இறங்கிய உடன் எண்ணிப் பார்க்காமல் பில்லைப் பார்த்து வரவு வைக்கும் பழக்கம் இருக்கிறதா? இலவசமாக வந்தது பில்லில் தனி வரியில் இருக்கும். அதை ஏற்றாமல் விட்டிருப்பார்கள். உடைந்து திரும்பிய பாட்டிலுக்குக் கடன் குறிப்பு வந்ததா?

நோயாளி கணக்கில் ஏறாதது. வார்டில் அவசரத்தில் பயன்படுத்திய பொருள் நோயாளி பெயரில் பதியாமல் போகும். ஸ்டோருக்குக் குறை, பில்லுக்கும் இழப்பு. காப்பீட்டுத் தொகுப்பில் வரும் நோயாளிக்கு இது வருமானத்தைப் பாதிக்காது என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். தொகுப்புத் தொகை நிலையானது என்பதால்தான் ஒரு அறுவைக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்பது நமக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, ஒரே பொருள், ஒரே பணிநேரத்தில், திரும்பத் திரும்பக் குறைந்தால் மட்டுமே திருட்டைச் சந்தேகியுங்கள். வெளியே எளிதில் விற்கக்கூடியவைதான் குறையும். அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் மாத்திரைப் பட்டைகளில் 'தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல' என்று அச்சிடுவதன் காரணம் இதுதான். நம்மால் அச்சிட முடியாது. மருத்துவமனை முத்திரையை அட்டைப்பெட்டியை விட்டு உள்ளுறையில் குத்தலாம்.

உடனே மேலே சொல்ல வேண்டியது: குறைவது மார்ஃபின், ஃபென்டானில் போன்ற போதை வகை மருந்து என்றால் ஒரு ஆம்பூல் என்றாலும் நீங்களே தேடிக்கொண்டிருக்காதீர்கள். அதே மணி நேரத்தில் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அது செலவுக் கணக்கைத் தாண்டிய சட்டப் பிரச்சினை.

## அறிகுறி 4: காலாவதி அலமாரி நிரம்பிக்கொண்டே போகிறது

வாசலிலிருந்தே தொடங்குங்கள். பொருள் இறங்கும்போது மீதி ஆயுள் எவ்வளவு என்று பார்க்கிறீர்களா? ஆறு மாதத்துக்குக் குறைவான ஆயுளோடு வரும் சரக்கை, வேகமாகச் செலவாகும் பொருள் என்றால் தவிர, இறக்கவே விடாதீர்கள். விநியோகஸ்தர் மாத இறுதி விற்பனை இலக்குக்காகத் தள்ளிவிடும் சரக்கு பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

அடுத்து, அலமாரி. புதியது முன்னால், பழையது பின்னால் இருக்கிறதா? அவசரத்தில் அடுக்கினால் அப்படித்தான் ஆகும். வந்த தேதியைப் பார்க்காமல், முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போகும்படி அடுக்க வேண்டும். பழையதற்கு முன்பே காலாவதியாகும் புதிய பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த சரக்கு) சில சமயம் வரும்.

மூன்றாவது, திரும்ப அனுப்பும் கெடு. ஒவ்வொரு விநியோகஸ்தரும் எத்தனை மாதத்துக்கு முன் சொன்னால் மாற்றித் தருவார் என்பது வேறுபடும். ஒரு தாளில் எழுதி ஸ்டோர் சுவரில் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்குள் காலாவதியாகும் பட்டியலை மாதம் முதல் தேதி எடுங்கள். மூன்று மாதம் என்று நிறுத்தினால் பல கெடுக்கள் தாண்டியிருக்கும்.

இதையும் தாண்டிக் காலாவதி குவிந்தால், ஒரு மருத்துவர் கேட்டு வாங்கி, அவர் போன பின் யாரும் தொடாத பிராண்டுகள் அந்த அலமாரியில் இருக்கும். ஒரே மூலக்கூறுக்கு எத்தனை பிராண்டு வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே ஆன்டிபயாட்டிக் ஊசியில் ஏழு பிராண்டு எண்ணியிருக்கிறேன். இதற்குத் தீர்வு ஸ்டோரில் இல்லை. மருத்துவர்கள் உட்கார்ந்து மருந்துப் பட்டியலை இரண்டு பிராண்டாகக் குறைக்க வேண்டும்.

காலாவதியானதைக் குப்பையில் போடக் கூடாது. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி அது மஞ்சள் பையில் தனியாகப் போக வேண்டிய மஞ்சள் பிரிவுக் கழிவு.

## அறிகுறி 5: தியேட்டர் (அறுவை அரங்கு) செலவு மட்டும் பிடிபடவில்லை

மருத்துவமனையிலேயே மிக அதிகமான பணம், மிகக் குறைந்த கணக்கோடு போகும் இடம் இதுதான். ஆகவே இங்கே பொறுமையாக இருங்கள்.

செலவில்லாத முதல் சோதனை. அனுமதி வாங்கிக்கொண்டு, அறுவை முடிந்ததும் அறைக்கு வெளியே வரும் குப்பைத்தொட்டி அருகே ஒரு வாரம் நில்லுங்கள். பிரித்து, பயன்படாமல் தூக்கி எறிந்தவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'தேவைப்படலாம்' என்று முன்கூட்டியே பிரித்த தையல் நூல், இரண்டு அளவில் பிரித்த கையுறை, தொடாத வடிகுழாய். கிருமி நீக்கிய உறை ஒருமுறை பிரிந்தால் போனதுதான். 7 அளவு கையுறை போடும் மருத்துவருக்கு 7.5 பிரித்து எறிவது, அவருடைய அளவு எங்கும் எழுதி இல்லாததால் மட்டுமே நடக்கிறது.

தீர்வு: ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒவ்வொரு அறுவைக்கும் ஓர் அட்டை. மேல் பாதியில் 'பிரிக்க வேண்டியவை', கீழ்ப் பாதியில் 'அருகில் இருக்கட்டும், கேட்டால் மட்டும் பிரிக்க'. செலவு ஒரு அட்டைத்தாள். தியேட்டர் சிஸ்டரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து எழுத வேண்டும். ஸ்டோர் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். மருத்துவர்களுக்கு மாதம் ஒருமுறை, ஒரே வகை அறுவைக்கு ஒவ்வொருவருக்கும் ஆன பொருட்செலவைப் பெயரில்லாமல் ஒரு தாளில் காட்டச் சொல்லுங்கள். தங்கள் எண் எது என்று அவர்களே கேட்டு வருவார்கள்.

மாற்று உறுப்புகள், ஸ்டென்ட். இவை பெரும்பாலும் நிறுவனத்தின் சரக்காக நம்மிடம் இருந்து, பயன்படுத்திய பிறகு பில் வருபவை. பெட்டிக்குள் ஒட்டுத்தாள்கள் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில், ஒன்று தியேட்டர் பதிவேட்டில், ஒன்று பில்லிங்குக்கு. எந்த ஒட்டுத்தாள் காணவில்லையோ அங்கே பணம் காணாமல் போயிருக்கும். நிறுவனம் பில் அனுப்பும், நோயாளி கணக்கில் ஏறியிருக்காது. அல்லது காப்பீட்டு நிறுவனம் ஆதாரம் இல்லை என்று தொகையை நிறுத்தும். மாதத்துக்கு ஒருமுறை நிறுவன ஆளை வரவழைத்து, பேட்ச் எண் வாரியாக இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுங்கள்.

எல்லை: ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று உறையில் போட்டிருப்பதைக் கழுவி மறுபடி பயன்படுத்துவது மிச்சம் பிடிக்கும் வழி ஆகாது. தொற்று வந்த ஒரே நோயாளி அந்த மிச்சம் அனைத்தையும் தன் உடம்பால் கட்டுவார். அப்படி யாராவது யோசனை சொன்னால் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 6: தினமும் அவசரமாக வெளியே வாங்க வேண்டியிருக்கிறது

எதிர்க் கடையில் சில்லறை விலைக்கு வாங்கும் பொருட்களை ஒரு மாதம் தனி நோட்டில் எழுதுங்கள். இருபது பொருட்களுக்கு மேல் தேறாது. திரும்பத் திரும்ப அவையேதான்.

அவற்றுக்கு மறுகொள்முதல் அளவு சரியா என்று பாருங்கள். நாளைக்கு 40 செலவு, ஆர்டர் கொடுத்து வர மூன்று நாள், பாதுகாப்புக்கு இரண்டு நாள் என்றால் இருப்பு 200-ஐத் தொடும்போது ஆர்டர் போக வேண்டும். பலரும் இந்த எண்ணைக் கணினியில் ஒருமுறை போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் தொடுவதில்லை. பொங்கல், தீபாவளி விடுமுறையில் மூன்று நாள் ஆறு நாளாகும் என்பதையும் சேருங்கள்.

அளவு சரியாக இருந்தும் சரக்கு வரவில்லை என்றால், தயங்காமல் கணக்குப் பிரிவுக்குப் போய்ப் பாக்கிப் பட்டியலைக் கேளுங்கள். விநியோகஸ்தருக்கு நூற்றைம்பது நாளாகப் பணம் போகாமல் இருக்கும். அவர் சண்டை போட மாட்டார். நம் ஆர்டரைக் கடைசியில் வைப்பார், விலையில் வட்டியைச் சேர்ப்பார். பதிவுபெற்ற சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ம் ஆண்டுச் சட்டம். பணம் சரியாகப் போகும் மருத்துவமனைக்குக் கிடைக்கும் விலை எந்தப் பேரத்திலும் கிடைக்காது.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால், ஊரில் உள்ள நாலைந்து மருத்துவமனைகள் சேர்ந்து பொதுவான பொருட்களுக்கு ஒரே விலை கேட்கலாம். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் சேர்த்து டெண்டர் விட்டு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வரம்புத் தொகையோடு பாஸ்புக் கொடுத்தது. புற்றுநோய் மருத்துவமனைகள் சேர்ந்த தேசியப் புற்றுநோய் வலையமைப்பு விலை உயர்ந்த மருந்துகளுக்குக் கூட்டாகப் பேரம் பேசியது. அவர்கள் பெறும் விலை நமக்கு வராது. ஆனால் வழி அதே வழிதான். ஒப்பந்தம் எழுத வழக்கறிஞர் வேண்டும்.

## அறிகுறி 7: ஆக்சிஜன் செலவு விளக்கமில்லாமல் ஏறுகிறது

நோயாளி போன பின் திறந்தே கிடக்கும் ஓட்டமானியை (நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் போகிறது என்று காட்டும் கருவி) தேடுங்கள். நிமிடத்துக்குப் பத்து லிட்டரில் எட்டு மணி நேரம் திறந்திருந்தால் 4,800 லிட்டர். பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 7,000 லிட்டர்தான். ஒரே இரவில் மூன்றில் இரண்டு பங்கு சிலிண்டர், யார் மூக்குக்கும் போகாமல் போய்விட்டது.

அடுத்து, நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்கு எல்லா ஓட்டமானிகளின் அளவையும் கூட்டி எழுதுங்கள். அதே இரண்டு மணி நேரத்தில் சிலிண்டர் வங்கியில் (குழாய்களுக்கு ஆக்சிஜன் தரும் சிலிண்டர் வரிசையில்) உண்மையில் குறைந்தது எவ்வளவு என்று பாருங்கள். வென்டிலேட்டர் ஓடாத இரவாகப் பார்த்துச் செய்தால் கணக்கு தெளிவாக வரும். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் குழாயில் கசிவு. சிலிண்டர்கள் முழுதாக நிரம்பி வருகின்றனவா என்று இறங்கும்போதே அழுத்தமானி வைத்துப் பாருங்கள். காலி என்று திரும்பும் சிலிண்டரிலும் எவ்வளவு மிச்சம் போகிறது என்று குறியுங்கள்.

இங்கே நில்லுங்கள். கசிவு இருக்கிறது என்று தெரிந்த உடன் மருத்துவ வாயுக் குழாய் நிபுணரைக் கூப்பிடுங்கள். ஸ்பேனரை எடுக்காதீர்கள். எண்ணெயோ கிரீஸோ பட்ட கையும் கருவியும் ஆக்சிஜன் இணைப்பில் பட்டால் தீப்பிடிக்கும்.

## அறிகுறி 8: குளிர்பெட்டியில் வைத்த மருந்து வீணாகிறது

2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய இன்சுலினும் பல தடுப்பூசிகளும் வெப்பத்தால் மட்டும் கெடுவதில்லை, உறைந்தும் கெடும். உறைபெட்டியை ஒட்டிய தட்டில் வைத்திருக்கிறீர்களா, கதவுத் தட்டில் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இரண்டும் தவறு. அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை காட்டும் வெப்பமானியை நடுத்தட்டில் வைத்துக் காலை, மாலை எழுதுங்கள். உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்க்க நன்றாகவே இருக்கும், பயன்படுத்தக் கூடாது. வீட்டுக் குளிர்பெட்டியில் ஏற்ற இறக்கம் அடங்கவில்லை என்றால் பழுது பார்ப்பதில் பணம் போடாமல் மருந்துக்கான குளிர்பெட்டிக்கு மாறுங்கள்.

## அறிகுறி 9: விலை குறைத்து வாங்கிய பின் வார்டிலிருந்து புகார் வருகிறது

இதைச் செலவு குறைந்த மகிழ்ச்சியில் காதில் வாங்காமல் விட்டுவிடுவோம். நானும் விட்டிருக்கிறேன்.

ஒரு வென்ஃப்ளான் ரூ.32, இன்னொன்று ரூ.20 என்று வைத்துக்கொள்வோம். நூறு நோயாளிக்கு முதலாவது 110 செலவானால் ரூ.3,520. இரண்டாவது முனை மடங்கி, நரம்பில் நிற்காமல் 180 செலவானால் ரூ.3,600. துண்டு விலையில் பன்னிரண்டு ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, மொத்தத்தில் எண்பது ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறோம். அந்த எழுபது கூடுதல் குத்துகளை வாங்கிய கைகள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. குழந்தைகள் வார்டில் மஞ்சள் நிற 24 அளவு மூன்றாவது முறையாகக் குத்தப்படும்போது அந்தத் தாயின் முகத்தைப் பார்த்த பிறகு, துண்டு விலைப் பட்டியலை மட்டும் வைத்து நான் எந்தப் பொருளையும் மாற்றுவதில்லை.

சோதனை: புதிய பொருளை ஒரே வார்டில் இரண்டு வாரம் கொடுங்கள். நோயாளிக்கு எத்தனை செலவானது என்று எண்ணுங்கள். கையுறை என்றால் நூறில் எத்தனை கிழிந்தது, சலைன் செட் என்றால் எத்தனை ஒழுகியது. சிஸ்டர்களிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னால் போதும்.

எண்ணிக்கை கூடியிருந்தால் முதலில் ஒரே பேட்ச்தானா என்று பாருங்கள். ஒரே பேட்ச் என்றால் மீதியை ஒதுக்கி வைத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். எல்லாப் பேட்சிலும் அப்படித்தான் என்றால் பழைய பொருளுக்கே திரும்புங்கள். விலையைப் பற்றி மேலிடத்தில் கேட்டால் அந்தக் கோடு போட்ட தாளைக் காட்டுங்கள்.

நோயாளிக்குப் பாதிப்பு ஏற்பட்டிருந்தால் பொருளையும் உறையையும் தூக்கி எறிய விடாதீர்கள். பேட்ச் எண் தெரியும்படி ஒரு பையில் போட்டு, தேதி, வார்டு எழுதி முத்திரையிட்டுப் பூட்டி வையுங்கள். மருத்துவச் சாதனங்களால் நேரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015-ல் தொடங்கிய இந்திய மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது. அதன் படிவத்தைப் பூர்த்தி செய்து, கண்காணிப்பாளரின் கையெழுத்து வாங்கி, அன்றைக்கே அனுப்புங்கள். அதே பேட்ச் இன்னொரு ஊரின் வார்டிலும் பிரிந்துகொண்டிருக்கலாம்.